முதுமைக்கு முகம் மறைத்த மகாராணி

1898-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி. சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள ஜெனீவா நகரம்.

பகல் ஒன்றரை மணி இருக்கும். ஏரிக்கரை ஓரமாக இரண்டு பெண்கள் விறுவிறு என்று நடந்து போய்க்கொண்டு இருந்தார்கள். துறையில் நீராவிப் படகு ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதைப் பிடிக்கத்தான் அந்த அவசரம்.

இருவரில் ஒருத்திக்கு வயது 60. தலை முதல் கால் வரை கறுப்பு உடை. உயரமான, மிகவும் ஒல்லியான உடல். ஒரு கையில் குடை. மறு கையில் விசிறி.

குடை வெயிலுக்காக மட்டும் அல்ல. விசிறி காற்றுக்காக மட்டும் அல்ல. தன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இரண்டும்!

ஓட்டலில் அவள் கொடுத்து இருந்த பெயர், ஹோஹெனெம்ப்ஸ் சீமாட்டி. அது பொய்ப் பெயர்.

அவள்தான் ஆஸ்திரியா - ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தினி, எலிசபெத்! ஐரோப்பாவின் ராணிகளில் பேரழகி என்று பெயர் வாங்கியவள். அந்த அழகு வாடாமல் காக்க வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவள்.

அவள் பட்ட பாடு என்ன? அது பலித்ததா? அதற்காக அவள் கொடுத்த விலை என்ன?

ஏரிக்கரைச் சிறுமி

1837-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, ஜெர்மனியில் பவேரியா நாட்டின் தலைநகரான மியூனிக்கில் எலிசபெத் பிறந்தாள். வீட்டில் அவளுக்குச் செல்லப் பெயர் சிசி.

தந்தை மேக்ஸ் பிரபு அரச பரம்பரைதான். ஆனால் அரச பந்தா அவரிடம் கிடையாது. சர்க்கஸ் குதிரைகளைப் பழக்குவார். சிதார் போன்ற நரம்பு வாத்தியம் ஒன்றை வாசிப்பார். ஊர் ஊராகச் சுற்றுவார்.

கோடைக் காலத்தில் குடும்பம் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் உள்ள பொசன்ஹோபன் மாளிகைக்குப் போய்விடும். அங்கே சிசிக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. குதிரை ஏறுவாள். மலை ஏறுவாள். ஏரியில் நீந்துவாள். கிராமத்துக் குழந்தைகளோடு விளையாடுவாள்.

அந்தச் சிறுமியை அழகி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அழகி என்று பெயர் எடுத்தவள் அவளுடைய அக்காள் ஹெலன்.

அக்காளைப் பார்க்க வந்தவன்

ஆஸ்திரியாவின் இளம் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப்புக்குப் பெண் தேடினார்கள். தேடியவள் அவனுடைய தாய் சோபியா. அவள், சிசியின் தாய்க்கு உடன்பிறந்த அக்காள். சிசிக்குப் பெரியம்மாள்.

தமிழ் முறைப்படி பார்த்தால் பெரியம்மாள் மகன் அண்ணன் ஆவான். ஆனால் ஐரோப்பிய ராஜ குடும்பங்களில் இத்தகைய சம்பந்தம் சகஜம்.

1853-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பாட் இஷ்ல் என்ற மலை ஊரில் பெண் பார்க்க ஏற்பாடு ஆயிற்று. ஹெலனுக்குத்தான் சம்பந்தம் பேசி இருந்தார்கள். அவளுக்கு வயது 19. துணைக்கு வந்த சிசிக்கு வயது 15.

பிரான்ஸ் ஜோசப் வந்தான். அக்காளைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற தங்கையையும் பார்த்தான். பிறகு அவன் கண் தங்கையை விட்டு நகரவில்லை!

கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். தாய் சொன்ன எதையும் தட்டாத பிள்ளை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தான். அந்த மாதமே நிச்சயதார்த்தம் முடிந்தது.

1854-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி வியன்னாவில் திருமணம். மணமகனுக்கு வயது 23. மணமகளுக்கு 16.

தங்கக் கூண்டு

ஏரியில் நீந்திய மீன், கண்ணாடித் தொட்டிக்குள் விழுந்தது.

எழுந்தால் ஒரு சட்டம். உட்கார்ந்தால் ஒரு சட்டம். ஒவ்வொன்றுக்கும் அரண்மனையில் விதி எழுதி வைத்து இருந்தார்கள். எந்நேரமும் சுற்றிலும் தோழிமார் கூட்டம். தோழிமாருக்கு மேலே மாமியார்!

1855-ல் முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மாமியார் தன் பெயரையே குழந்தைக்குச் சூட்டினாள். தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை வளர்க்கும் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு பிறந்த கிசெலாவுக்கும் அதே கதைதான்.

1857-ல் எலிசபெத் முதல் தடவையாக எதிர்த்து நின்றாள். கணவனோடு ஹங்கேரிக்குப் பயணம் போனபோது, குழந்தைகளைத் தன்னோடு கூட்டிப் போயே தீருவேன் என்றாள். வென்றாள். அழைத்துப் போனாள்.

போன இடத்தில் குழந்தைகள் இருவரும் நோயில் விழுந்தார்கள். கிசெலா பிழைத்தாள். மூத்த குழந்தை சோபியா, மே மாதம் 29-ந் தேதி தாயின் கண் முன்னே இறந்தது. அதற்கு வயது இரண்டுதான்.

எலிசபெத் இடிந்து போனாள். சாப்பிட மறுத்தாள். தனிமையை நாடினாள். 1858-ல் பட்டத்துக்கு உரிய மகன் ருடால்ப் பிறந்தான். அந்தக் குழந்தையும் மாமியார் கைக்கே போயிற்று.

1860-ல் அவளுக்குக் கடும் இருமல் கண்டது. நுரையீரல் கெட்டுவிட்டதோ என்று வைத்தியர்கள் பயந்தார்கள். அட்லாண்டிக் கடலில் உள்ள மதீரா தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே உடம்பு தேறியது. வியன்னா திரும்பியதும் மறுபடி படுத்தாள். பிறகு கிரேக்கக் கடலில் உள்ள கோர்பு தீவுக்குப் போனாள். அங்கும் தேறினாள். வியன்னாவின் காற்றுதான் அவளுக்கு ஆகவில்லை!

அழகே ஆயுதம்

1862-ல் அவள் ஊர் திரும்பியபோது, போன பெண்ணாக இல்லை. பயந்த சிறுமி மறைந்துவிட்டாள். தன் அழகை அறிந்த 24 வயது மங்கை வந்து இறங்கினாள்.

தான் தெருவில் போனால் கூட்டம் கூடுகிறது. கணவன் தன்னைக் கண்டால் உருகுகிறான். மாமியாரிடம் இல்லாத ஓர் ஆயுதம் தன்னிடம் இருக்கிறது. இது அவளுக்குப் புரிந்துவிட்டது.

உலகத்து அழகிகளின் புகைப்படங்களைச் சேகரிக்க ஆரம்பித்தாள். வெளிநாடுகளில் இருந்த ஆஸ்திரியத் தூதர்களுக்கு ஆள் அனுப்பிப் படங்களை வரவழைத்தாள். நடிகைகள், நடனக்காரிகள், சீமாட்டிகள் என்று பல ஆல்பங்கள் நிரம்பின.

1865-ல் வின்டர்ஹால்ட்டர் என்ற பிரபல ஓவியர் அவளைப் படமாகத் தீட்டி முடித்தார். வெள்ளை உடை. பின்னிய கூந்தல் எங்கும் வைர நட்சத்திரங்கள். பார்த்தவர்கள் பிரமித்தார்கள். இன்றும் எலிசபெத் என்றால் உலகத்துக்கு நினைவு வருவது அந்த ஓவியம்தான்.

ஆயுதத்தைத் தீட்டுவது வேலை ஆயிற்று. அதுவே பிறகு வாழ்க்கையும் ஆயிற்று.

கூந்தலுக்கு மூன்று மணி நேரம்

எலிசபெத்தின் கூந்தல் கணுக்காலைத் தொடும். அதை வாரிப் பின்ன ஒரு நாளைக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

நாடக மேடையில் நடிகைகளுக்குச் சிகை அலங்காரம் செய்துகொண்டு இருந்த பேனி என்ற பெண்ணைத் தனக்கு என்று அமர்த்திக்கொண்டாள். வாரி முடிந்ததும், உதிர்ந்த முடிகளைத் தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். அதிகம் இருந்தால் மகாராணியின் முகம் சுருங்கிவிடும்.

சில வாரங்களுக்கு ஒரு தடவை தலைக்குக் குளியல். முட்டையின் மஞ்சள் கருவும் பிராந்தியும் கலந்து தேய்ப்பார்கள். அன்று முழுவதும் வேறு வேலை கிடையாது.

அந்த நேரத்தை அவள் வீணாக்கவில்லை. தலை வாரும்போது பாடம் படித்தாள். ஹங்கேரி மொழியைக் கற்றாள். பிற்காலத்தில் கிரேக்க மொழியையும் கற்றாள்.

முகத்தில் பச்சை மாமிசம்!

கூந்தலை விட அவள் அதிகம் கவலைப்பட்டது தோலைப் பற்றி.

அவள் முகத்தில் பூசிய களிம்பு ஒன்று உண்டு. வெள்ளை மெழுகு, திமிங்கலத்தின் தலையில் இருந்து எடுக்கும் மெழுகு, வாதுமை எண்ணெய், பன்னீர் - இவற்றைக் கலந்து செய்தது.

ஸ்டிராபெரிப் பழத்தை நசுக்கி முகத்திலும் கழுத்திலும் அப்பிக்கொள்வாள். வெதுவெதுப்பான ஆலிவ் எண்ணெயில் குளிப்பாள். காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பாள். முகச் சாயமும் பவுடரும் அவளுக்குப் பிடிக்காது.

இரவு படுக்கும்போது, உள்ளே பச்சைக் கன்று மாமிசம் வைத்த முகமூடியை அணிந்துகொள்வாள்! மாமிசத்தின் சாரம் தோலில் இறங்கும், சுருக்கம் விழாது என்று நம்பிக்கை. இடுப்பு மெலிவதற்காக நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பாள். கழுத்து நிமிர்ந்து இருப்பதற்காகத் தலையணை வைத்துக்கொள்ள மாட்டாள்.

பஞ்சு மெத்தையில் படுக்க வேண்டிய மகாராணி, சாதாரண இரும்புக் கட்டிலில் படுத்தாள்.

பட்டினி கிடந்த மகாராணி

எலிசபெத்தின் உயரம் 172 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு அவள் எடை சுமார் 50 கிலோதான் இருந்தது. இடுப்புச் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர். கச்சையை இழுத்து இறுக்கிக் கட்டவே வெகு நேரம் ஆகும்.

தினமும் எடை பார்ப்பாள். ஒரே நாளில் மூன்று தடவை பார்ப்பதும் உண்டு. முள் சற்று ஏறினால் போதும், அன்று சாப்பாடு இல்லை!

சில நாள் வெறும் பால். சில நாள் ஆரஞ்சுப் பழம். சில நாள் மாட்டு மாமிசத்தைப் பிழிந்து எடுத்த சாறு. நல்ல பால் வேண்டும் என்பதற்காகப் பயணங்களின்போது பசு மாடுகளையும் கூடவே கொண்டு போவார்கள்.

அரண்மனையில் அவள் அறைக்குள்ளேயே தேகப் பயிற்சிக்கு வளையங்களும் கம்பிகளும் மாட்டி இருந்தாள். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் குதிரை ஏறி வேட்டைக்குப் போனாள். ஆண்கள் தயங்கிய வேலிகளை அவள் தாண்டினாள். இடுப்பு வலி வந்து குதிரை சவாரியை விட்ட பிறகு, நடக்க ஆரம்பித்தாள். அரை மணி, ஒரு மணி அல்ல. மழையிலும் காற்றிலும் ஆறு மணி, எட்டு மணி நேரம்! கூட வந்த தோழிமார் மூச்சு வாங்கினார்கள். நன்றாக நடக்கத் தெரிந்தவர்களையே பிறகு தோழியாகத் தேர்ந்து எடுத்தாள்.

அவள் ஒன்றும் செய்யாத ராணி அல்ல. ஹங்கேரி மக்களை அவள் நேசித்தாள். அவர்கள் பக்கம் நின்று கணவனிடம் வாதாடினாள். 1867-ல் ஹங்கேரிக்குத் தனி ஆட்சி உரிமை கிடைத்தது. அந்த ஆண்டு ஜூன் 8-ந் தேதி அவளும் கணவனும் ஹங்கேரியின் ராணியாகவும் ராஜாவாகவும் முடிசூடினார்கள். அழகு என்ற ஆயுதத்தை அவள் நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தினாள்.

1868-ல் கடைசிக் குழந்தை மேரி வலேரி பிறந்தாள். இந்தக் குழந்தையை மட்டும் எலிசபெத் யாரிடமும் விடவில்லை. தானே வளர்த்தாள்.

36 வயதில் பாட்டி

முப்பது வயதைத் தாண்டியதும் எலிசபெத் ஒரு முடிவு எடுத்தாள். இனிமேல் புகைப்படக்காரர் முன்னால் உட்காருவது இல்லை!

மூத்த மகள் கிசெலாவுக்கு 1873-ல் கல்யாணம் ஆயிற்று. அடுத்த ஆண்டு ஜனவரியில் பேத்தி பிறந்தாள். எலிசபெத்துக்கு அப்போது வயது 36. சக்கரவர்த்தினி பாட்டி ஆகிவிட்டாள்.

அதன் பிறகு அவளை எந்தப் புகைப்படக்காரராலும் பிடிக்க முடியவில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் விசிறி விரியும். தூரத்தில் நின்றால் குடை சாயும். பிற்காலத்து ஓவியங்களை, பழைய படங்களைப் பார்த்துத்தான் தீட்டினார்கள்.

பலன் இருந்ததா?

இத்தனை பாடும் பட்டதால் அவள் தோல் சுருங்காமல் இருந்ததா?

இல்லை. உடல் கடைசி வரை கொடிபோல் இருந்தது. ஆனால் முகம் வயதைக் காட்டியது. வெயிலிலும் காற்றிலும் காய்ந்து கோடு விழுந்தது. பட்டினி கிடந்ததால் கன்னம் ஒட்டியது.

காரணம் என்ன? அவள் காலத்து வைத்தியர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் இன்று தெரியும்.

நம் தோல் இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. வெளியே தெரிவது மேல் தோல். அதற்குக் கீழே இருப்பது உள் தோல். உள் தோலில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே கொலாஜன் என்ற உறுதியான இழைகள் பாய்போலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்கு இடையே எலாஸ்டின் என்ற இழைகள் ரப்பர் நாடாபோல ஓடுகின்றன. கன்னத்தைக் கிள்ளிவிட்டால் தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறது அல்லவா? அது எலாஸ்டின் செய்யும் வேலை.

வயது ஏற ஏற கொலாஜன் குறைகிறது. எலாஸ்டின் தளர்கிறது. இது எல்லோருக்கும் வருவது. ஆனால் இதை வேகப்படுத்துகிற எதிரிகள் உண்டு. முதல் எதிரி வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் உள் தோல் வரை ஊடுருவி அந்த இழைகளைச் சிதைக்கின்றன. மேகம் மூடிய நாளிலும் அவை வருகின்றன. இரண்டாவது எதிரி புகையிலைப் புகை.

எலிசபெத்தின் முறைகளை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

வாதுமை எண்ணெய்க் களிம்பு நல்லதுதான். எண்ணெயும் மெழுகும் தோலின் மேல் மெல்லிய திரை போட்டு, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கும். தோல் வறளாது, மென்மையாக இருக்கும். ஆனால் உள்ளே அறுந்த இழையை அது ஒட்ட வைக்காது.

பச்சை மாமிசம் சுத்த வீண். மாமிசத்தில் கொலாஜன் இருப்பது உண்மை. ஆனால் அதன் மூலக்கூறு மிகப் பெரியது. தோலைத் தாண்டி உள்ளே போகாது. கிருமி தொற்றும் அபாயம் வேறு. பழக் கூழும் அப்படியே. பழத்தை முகத்தில் பூசுவதை விடச் சாப்பிடுவதே மேல். உடம்பு கொலாஜன் தயாரிக்க வைட்டமின் சி தேவை. பழம் அதைக் கொடுக்கும்.

பட்டினி மிகப் பெரிய தவறு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் முகத்துக்கு மெத்தை. அது கரைந்தால் மேலே இருக்கும் தோல் தொங்கும். கொலாஜனுக்கு மூலப்பொருள் புரதம். சரியான சாப்பாடு இல்லாவிட்டால் புரதம் எங்கே இருந்து வரும்? கடைசிக் காலத்தில் எலிசபெத்துக்குக் கால் வீங்கியது. அது போதிய ஆகாரம் இல்லாததால் வந்த வீக்கம் என்று வைத்தியர்கள் கண்டார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் மகாராணிக்குப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வரும் நோய்!

அவள் செய்ததிலேயே தோலுக்கு மிகவும் பயன்பட்ட காரியம் எது தெரியுமா? குடை பிடித்தது! முகத்தை மறைக்கப் பிடித்த குடை வெயிலையும் மறைத்தது. ஆனால் வருடக் கணக்கில் குதிரை மேலும், கடல் மேலும், மலை மேலும் பட்ட வெயிலையும் காற்றையும் அது ஈடு செய்ய முடியவில்லை.

இன்று தோல் டாக்டர்கள் சொல்வது எளிமையானது. வெயிலில் போகும்போது குடை, தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு. வறண்ட தோலுக்கு எண்ணெய்ப் பசை. வயிறு நிறையச் சத்துள்ள சாப்பாடு. நல்ல தூக்கம். புகை வேண்டாம். வைட்டமின் ஏ வகைக் களிம்புகள் சுருக்கத்தைச் சற்றுக் குறைக்கும். ஆனால் அவற்றை டாக்டரைக் கேட்டே போட வேண்டும். கர்ப்பிணிகள் போடக் கூடாது.

இவ்வளவும் செய்தால் முதுமை மெதுவாக வரும். வராமல் இருக்காது.

மேலும் மேலும் இடி

1889-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. எலிசபெத் கிரேக்கப் பாடம் படித்துக்கொண்டு இருந்தாள். அப்போது அந்தச் செய்தி வந்தது.

மேயர்லிங் என்ற இடத்தில் உள்ள வேட்டை மாளிகையில் அவளுடைய ஒரே மகன் ருடால்ப் இறந்து கிடந்தான். பக்கத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தியின் பிணம். காதலியைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான் இளவரசன். அவனுக்கு வயது 30.

அந்தச் செய்தியைக் கணவனிடம் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவள் தலையிலேயே விழுந்தது. சொன்னாள்.

அன்று கறுப்பு உடை உடுத்தினாள். பிறகு கறுப்பை அவள் விடவில்லை என்றே சொல்லலாம். முத்தையும் வைரத்தையும் மகள்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

கோர்பு தீவில் கடலைப் பார்த்து ஒரு மாளிகை கட்டினாள். கட்டி முடித்ததும் அதுவும் அலுத்துவிட்டது. கப்பலில் ஏறிச் சுற்றினாள். ஓர் ஊரில் நிலையாக இருக்க முடியவில்லை.

அவள் கவிதைகளும் எழுதினாள். அவற்றை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினாள். 60 ஆண்டுகளுக்குப் பிறகு சுவிட்சர்லாந்து ஜனாதிபதியிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தாள். வரும் பணம் அரசியல் கைதிகளின் குழந்தைகளுக்குப் போக வேண்டும் என்றும் எழுதினாள். சக்கரவர்த்தினியின் மனம் அப்படி!

1897-ம் ஆண்டு மே 4-ந் தேதி பாரிசில் ஒரு தர்மச் சந்தையில் தீப்பிடித்தது. அதில் அவள் தங்கை சோபி கருகி இறந்தாள். மற்றவர்களை முதலில் வெளியேற்றுங்கள் என்று பின்தங்கியவள் அந்தத் தங்கை.

பெற்ற மகளையும், மகனையும், உடன்பிறந்தவளையும் பறிகொடுத்தவளுக்கு முகச் சுருக்கம் எம்மாத்திரம்? ஆனால் பழக்கம் போகவில்லை. குடையும் விசிறியும் கையிலேயே இருந்தன.

குடைக்குள் எட்டிப் பார்த்தவன்

மறுபடியும் ஜெனீவா ஏரிக்கரை.

லூயி லுக்கேனி என்று ஒரு வாலிபன். இத்தாலி நாட்டைச் சேர்ந்தவன். வயது 25. பெற்றவர்களைக் கண்டு அறியாதவன். அனாதையாக வளர்ந்து கூலி வேலை செய்தவன். ராஜா ராணிகளே உலகத்தில் இருக்கக் கூடாது என்ற கட்சி. யாராவது ஒரு ராஜ வம்சத்தாரைக் கொல்ல வேண்டும் என்று திரிந்தான். முதலில் பிரான்ஸ் நாட்டு இளவரசர் ஒருவரைத் தேடினான். அவர் அகப்படவில்லை. எலிசபெத் வந்து இருக்கும் செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது.

கத்தி வாங்கப் பணம் இல்லை. சாதாரண அரத்தைக் கூராகத் தீட்டி, மரப் பிடி போட்டு வைத்து இருந்தான்.

எதிரே ஓடி வந்தான். ஆள் சரிதானா என்று குடைக்குள் குனிந்து பார்த்தான். யாரும் பார்க்கக் கூடாது என்று முப்பது ஆண்டுகளாக அவள் மறைத்த முகத்தை, கொலைகாரன் ஒருவன் கிட்ட நின்று பார்த்தான்! அடுத்த கணம் அவள் மார்பில் ஓங்கிக் குத்தினான்.

எலிசபெத் கீழே விழுந்தாள். உடனே எழுந்தாள். உதவிக்கு வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். பணத்தைப் பறிக்க வந்த திருடன் மோதிவிட்டான் என்று நினைத்தாள். தோழியோடு சுமார் நூறு தப்படி நடந்து படகில் ஏறினாள்.

இதயத்தில் துளை விழுந்து இருந்தது. ஆனால் இறுக்கிக் கட்டிய கச்சை ரத்தத்தை வேகமாகக் கசிய விடவில்லை. கொடி இடைக்காகக் கட்டிய கச்சை, அவளுக்குச் சில நிமிடங்களைக் கூடுதலாகக் கொடுத்தது.

படகு நகர்ந்தது. அவள் மயங்கி விழுந்தாள். தோழி கச்சையைத் தளர்த்தினாள். உள்ளாடையில் சிறிய ரத்தக் கறை. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. படகைத் திருப்பினார்கள். துடுப்புகளை வைத்துத் தூளிபோல் கட்டி, ஓட்டலுக்குத் தூக்கி வந்தார்கள். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது.

லுக்கேனிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1910-ல் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டு செத்தான்.

மாட்டி வைத்த படம்

எலிசபெத்தின் உடலை வியன்னாவில் அரச குடும்பத்தாரின் கல்லறையில் வைத்தார்கள். பிற்காலத்தில் வியன்னா அரண்மனையில் அவள் பெயரால் ஒரு காட்சி சாலை திறந்தார்கள். அவளுடைய விசிறியையும் தேகப் பயிற்சிக் கம்பிகளையும் பார்க்க நாடு நாடாக ஜனங்கள் வருகிறார்கள்.

பிரான்ஸ் ஜோசப் அவளுக்குப் பின் 18 ஆண்டுகள் வாழ்ந்தான். அதிகாலையில் எழுந்து மேஜை முன் உட்கார்ந்து ராஜாங்கக் காகிதங்களைப் பார்ப்பான். எதிரே அவள் படம் மாட்டி இருந்தது. கூந்தலை அவிழ்த்து விட்டு நிற்கும் இளம் எலிசபெத். அந்தப் படத்தில் அவளுக்கு வயது இருபத்தி ஏழுக்கு மேல் இருக்காது. பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு 70 ஆயிற்று. 80 ஆயிற்று. 1916-ல் 86 வயதில் அவன் கண் மூடினான்.

அந்த வகையில் அவள் ஜெயித்துவிட்டாள். உலகமும் அந்த இளம் முகத்தைத்தான் நினைவில் வைத்து இருக்கிறது.

ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த தாயின் முகம், பேத்தியைக் கையில் ஏந்திய பாட்டியின் முகம், மகனுக்காக அழுது ஓய்ந்த முகம் - இவற்றைக் காட்ட ஒரு நல்ல படம் கூட இல்லை. யாரோ தூரத்தில் இருந்து எடுத்த ஓரிரு படங்கள் உண்டு. அவற்றில் தெரிவது ஒரு கறுப்பு உடை. ஒரு விசிறி. ஒரு குடை.